கேட்டவரின் செவி

ஒருவரது பேச்சைக் கொண்டே அவரது மனச்சோர்வை அறியக் கணனிக்குக் கற்பிக்கும் முயற்சி, ஆழ்கற்றல் எனும் துறையில் இன்று பெருகி வருகின்றது. இதற்குப் பலரும் கையாளுவன, தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் தொகுக்கப்பெற்ற 189 நேர்காணல்களாகும். அங்கே திரையில் தோன்றும் பெண்ணுருவம் வினவும். அதனை மறைவிலிருந்து இயக்கியோர் மனிதர். எட்டு வினாக்கள் கொண்ட படிவமொன்றில் 24க்கு 10 புள்ளியோ அதற்கு மேலோ பெற்றவர் மனச்சோர்வுடையவர் எனக் கொள்ளப்பட்டார்.

2024இல் வெளிவந்த ஓர் ஆய்வு விந்தையொன்றைக் காட்டிற்று. விடைகளை அறவே நீக்கி, கேட்டவரின் வினாக்களை மட்டும் கொடுத்தபோதும் கணனி செவ்வனே தேறியது. முன்னைய மனநல வரலாறு பற்றி வினவப்படும் இடங்களையே அது குறுக்குவழியாகப் பற்றிக்கொண்டது. துயருற்றவரின் சொல் அதற்கு வேண்டியிருக்கவில்லை.

இது பொறியின் குறையே. எனினும், அடுத்து எதனைக் கேட்பதென்று துணிந்தவர் மறைவிலிருந்த மனிதரன்றோ? பொறி கடன்கொண்டது அவரது செவியை எனலாம்.

இத்தகைய கருவிகள் நாளை மாணவர் விடுதிகளுக்கும் வரக்கூடும். ஆயினும், இரு நாள் உணவுக்கு வாராத தோழனின் கதவைத் தட்டி, “ஏன் மச்சான், சாப்பிட வரேல்லை?” என்று கேட்க ஒருவரும் இல்லாதவிடத்து, எப்பொறி எதனைக் கற்கும்?