ஒரு வாரத்து நக்கீரர்!

'திருவிளையாடல்' படத்துல தருமியா வந்த நாகேஷுக்கு விசில் அடிக்காதவங்க உண்டா? நக்கீரரா வந்தவர் அந்தப் படத்தோட டைரக்டர் ஏ.பி.நாகராஜன்தான். 1965-லயே டைரக்டரா இருந்தாலும் குற்றம் சொல்ற வேஷத்துக்கு விசில் விழாது பாஸ்!

எங்க காலேஜ் தமிழ் மன்றத்துக் கவிதைப் போட்டியில அந்த வேஷம் எனக்கு. தலைப்பு, மழை. கவிதையில பேர் இருக்காது, நம்பர் மட்டும். நடுவர்கிட்ட போறதுக்கு முன்னாடி, போட்டியாளர்களே ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் படிச்சு, குறை நிறையை ஒரு சீட்டுல எழுதிக் கொடுக்கணும். என் பங்குக்குப் பத்துக் கவிதைகள்.

ஆறுல வானம் அழுதது. ரெண்டுல தேவதை குடையோட வந்தா. ஒருத்தர் மூணு வரி எழுதி 'ஹைக்கூ'ன்னு மேல தலைப்பும் போட்டிருந்தார். (ஜப்பானியக் கவிதை பத்தி பாரதியார் 1916-லயே சுதேசமித்திரன்ல எழுதிட்டார். நாம இன்னும் வரியை மட்டும்தான் எண்ணிட்டு இருக்கோம்!) இவங்களுக்கெல்லாம் 'நல்ல முயற்சி'ன்னு தாராளமா எழுதித் தள்ளினேன்.

பத்தாவது கவிதைதான் வம்பு. தெருவுல மழை. 'பாவை நனையுமே' என்று அப்பா ஓடுகிறார். அவ்வளவுதான். படிச்சதும் வயித்துக்குள்ள என்னவோ பண்ணுச்சு. ஏன்னா, நானும் போட்டியில இருந்தேன். என்னோடதுலயும் வானம்தான் அழுதுட்டு இருந்தது!

சிவப்பு பேனா தானா திறந்துச்சு. 'பாவை'யைச் சுத்தி ஒரு வட்டம். 'அப்பாவைப் பற்றிய கவிதையில் திடீரென ஒரு பெண் எங்கிருந்து வந்தாள்? காதலைத் திணிக்காதீர்!' எழுதி முடிச்சப்போ எனக்கே என் தமிழ் மேல பெருமை.

ராத்திரி மெஸ்ல இதை ஜோக்கா சொன்னேன். ஈரோட்டு நண்பன் மட்டும் சிரிக்கலை. "டேய், பாவுன்னா தறியில நீளவாக்குல ஓடுற நூல். குறுக்கால போறது ஊடை. பாவுக்குக் கஞ்சி போட்டுத் தெருவுல நீட்டிக் காயவைப்பாங்க. மழை வந்தா அன்னிக்குப் பொழப்பு போச்சு"ன்னான்.

எனக்குச் சோறு இறங்கலை. தெரியாம வட்டம் போட்டது பாதிதான். அந்தக் கவிதை நல்லா இருந்ததுதான் மீதி. இதை இப்போ உங்ககிட்ட மட்டும் சொல்றேன்.

ரிசல்ட் வந்த பிறகுதான் நம்பருக்குரிய பேர் தெரிஞ்சது. எங்க ஹாஸ்டல்லயே கீழ் மாடி, செகண்ட் இயர் பையன். ஊர் சென்னிமலை. எனக்கும் பரிசு இல்லை, அவனுக்கும் இல்லை. சாரி சொல்லப் போனேன். கோபமே இல்லாம நோட்டை எடுத்து நீட்டினான். 'பாவை'யை அடிச்சுட்டு 'நூலை'ன்னு மாத்தியிருந்தான்.

"ஏன்டா மாத்தின?"

"நீங்க மன்றத்துல இருக்கறவருங்ண்ணா. உங்களுக்கே புரியலீன்னா யாருக்குப் புரியும்?"

பழையபடி மாத்துடான்னு கெஞ்சினேன். "படிக்கறவங்களுக்குப் புரியோணுமல்லங்ண்ணா"ன்னு அவன் விடலை. டீக்கடை வரைக்கும் சண்டை. கடைசியில 'தறிப் பாவு'ன்னு எழுதலாமான்னு அவனே கேட்டான். யோசிச்சுச் சொல்றேன்னுட்டு வந்திருக்கேன். சிவப்பு பேனாவை அவன் ரூம்லயே மறந்து வெச்சுட்டேன்.