பழைய கமராவும் பேத்தியின் படமும்

எமது அலுவலக அலுமாரியில் ஒரு டிஜிட்டல் கமரா இருக்கிறது. பென்டோர்ச் பற்றரி இரண்டு போட்டு இயக்கும் வகை. எனக்கு முன்பிருந்த மூன்று உத்தியோகத்தர்களின் கைகளைக் கண்டது. கைத்தொலைபேசிக் காலத்தில் இது எதற்கு என்று கேட்பீர்கள். தோட்டத்துப் பெண்களின் முகங்களை எமது சொந்தத் தொலைபேசிகளில் எடுப்பதில்லை என்று எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. முன்பு ஒரு தாயின் படம் அவருக்குத் தெரியாமலே முகநூலில் சுற்றியது. அதற்குப் பிறகு அவர் எங்கள் கூட்டங்களுக்கு வரவேயில்லை.

2023 தை மாதம், பொங்கல் முடிந்த மூன்றாம் நாள், ஹட்டனுக்கு மேலேயுள்ள ஒரு தோட்டத்து லயத்துக்குப் போனேன். அங்கே ஒரு பாட்டி, தம்பியின் குடும்பத்தோடு இருக்கிறார். 1977 ஆகஸ்ட் வன்செயலுக்குப் பிறகு வன்னிக்குப் போன எத்தனையோ மலையகக் குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. கிளிநொச்சியின் பாரதிபுரம், மலையாளபுரம் எல்லாம் அப்படிப் போனவர்கள் குடியேறிய ஊர்கள்தான். 2009 இல் இடம்பெயர்ந்து ஓடிய வழியில் ஒரே மகனைத் தவறவிட்டார். இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. படங்கள் வைத்திருந்த பெட்டியும் அந்த வழியிலேயே போயிற்று. மகனின் முகம் இப்போது பேத்தியிடம்தான் இருக்கிறது என்பார். பொங்கலுக்கு வந்திருந்த அந்தப் பேத்தி மறுநாள் காலை கிளிநொச்சிக்குத் தாயிடம் திரும்புகிறாள்.

“போன்ல வேணாம் மிஸ். கையில வச்சுப் பாக்குற மாதிரி ஒரு போட்டோ வேணும்” என்றார் பாட்டி. அலுமாரியில் கட்டியிருந்த சேலையை எடுத்து உடுத்திக்கொண்டு இஸ்தோப்பில் வந்து உட்கார்ந்தார். பிள்ளை பக்கத்தில் நின்றாள்.

நான் கமராவை அழுத்தினேன். வில்லை வெளியே நீண்டது. திரை ஒருமுறை மின்னி அணைந்தது. வில்லை நீண்டபடியே நின்றுவிட்டது.

எனக்குச் சமூகவியலில் பட்டம் இருக்கிறது. பற்றரி பற்றி ஒன்றும் தெரியாது. தோட்டத்துக் கடைக்கு ஓடி மலிவான பற்றரி இரண்டு வாங்கி வந்து போட்டேன். ஒரு ‘பீப்’ சத்தம். அவ்வளவுதான். புதுப் பற்றரியிலும் ஓடாவிட்டால் கமரா செத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். பலரும் இந்த இடத்தில்தான் கமராவைத் தூக்கிப் போடுகிறார்கள்.

பிறகுதான் இதன் காரணத்தை ஹட்டனில் தொலைபேசி திருத்தும் ஒரு தம்பியிடம் கேட்டு அறிந்தேன். கமரா தொடங்கும் கணத்தில் வில்லையின் மோட்டாரும் திரையும் ஒன்றாக மின்சாரத்தை இழுக்கின்றன. சுவர் மணிக்கூட்டுக்கும் வானொலிக்கும் போதுமான சாதாரண பற்றரியால் அந்த இழுப்பைத் தாங்க முடியாது. இந்தச் சாதனத்துக்குப் பசி அதிகம். 1975 இல் கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் செய்த முதல் டிஜிட்டல் கமராவுக்கு 16 பற்றரிகள் வேண்டியிருந்தனவாம். அல்கலைன் என்று எழுதியிருப்பதை வாங்க வேண்டும், அல்லது சார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைட் பற்றரியைப் பாவிக்க வேண்டும்.

அந்தச் சார்ஜ் பற்றரிகள்தான் முதலில் என் கமராவுக்குள் இருந்தவை. ஒரு மாதத்துக்கு முன் சார்ஜ் செய்து அலுமாரியில் போட்டவை. பழைய வகையானவை சும்மா கிடந்தாலும் இறங்கிக்கொண்டே போகும். 2005 இல் சான்யோ நிறுவனம் கொண்டுவந்த எனிலூப் போன்ற வகைகள்தான் மாதக்கணக்கில் பிடித்து வைத்திருக்கும். போதாததற்குக் குளிர். ஹட்டன் ஏறக்குறைய 1,270 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நாங்கள் நின்றது அதற்கும் மேலே. குளிரில் பற்றரிக்குள் நடக்கும் இரசாயன வேலை மந்தமாகிவிடும்.

அன்று இதெல்லாம் தெரியாது. பேத்திதான் கமராவை வாங்கி, பற்றரிக் கதவைத் திறந்து, “மிஸ், உள்ளுக்கு வெள்ளையா பூத்திருக்கு” என்றாள். தகட்டில் உப்புப்போல ஒரு படிவு. எப்போதோ ஓர் அல்கலைன் பற்றரி உள்ளே கிடந்து கசிந்திருக்கிறது. மாதக்கணக்கில் பாவிக்காமல் வைப்பதானால் பற்றரியைக் கழற்றி வைக்க வேண்டும் என்பதை நாங்கள் மூன்று தலைமுறை உத்தியோகத்தர்களும் மறந்திருந்தோம். குசினியிலிருந்து தேசிக்காய்ப் பாதி வந்தது. ஈர்க்கில் முனையில் பஞ்சு சுற்றி, ஒரு துளி சாற்றில் நனைத்து, படிவைத் துடைத்தாள். (வினாகிரியும் சரி. அந்தப் படிவு கண்ணில் படக்கூடாது. கையைக் கழுவிவிட வேண்டும்.) பிறகு உலர்ந்த துணி. பிறகு பள்ளிக்கூட அழிறப்பரால் தகட்டையும் பற்றரி முனைகளையும் பளிச்சென்று ஆகும்வரை தேய்த்தாள்.

சார்ஜ் பற்றரி இரண்டையும் பாட்டி வாங்கித் தன் கம்பளிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். “சூடு காட்டுனா ரேடியோ பாடும் மிஸ், வன்னியில அப்பிடித்தான் செய்வோம்” என்றார். அவர்கள் வெயிலில் வைப்பார்களாம். நெருப்பின் அருகே மட்டும் கொண்டுபோகக் கூடாது.

இன்னொன்றும் இருந்தது. பற்றரிக் கதவின் கொளுக்கி உடைந்திருந்தது. கதவு இறுக மூடாவிட்டால் பற்றரி தகட்டில் அழுந்தாது. பேத்தி தன் தலைமுடியிலிருந்த றப்பர் பட்டியைக் கழற்றிக் கமராவைச் சுற்றிப் போட்டாள். திரையையும் பிளாஷையும் நிறுத்திவிட்டுச் சிறு கண்ணாடித் துளை வழியாகப் பார்த்தேன். வில்லை ஒருமுறை உள்ளே போய் மீண்டும் வந்தது. மூன்று படங்கள் எடுத்தேன். நான்காவதுக்கு அணைந்துவிட்டது.

ஹட்டனில் பிரதி எடுத்தபோது மூலையில் திகதியும் விழுந்திருந்தது: 01.01.2005. கமராவுக்குள் மணிக்கூட்டுக்கென்று தனியாக ஒரு சிறு பற்றரி இருக்கிறது. அது செத்தால், பெரிய பற்றரியைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் திகதி தொடக்கத்துக்குப் போய்விடும். அன்று திரை திகதி கேட்டபோது அவசரத்தில் நான் தாண்டிப் போயிருந்தேன். சேதமடைந்த வீட்டையோ காயத்தையோ சாட்சிக்காகப் படமெடுக்கும் சகோதரிகள் இதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். திகதி பிழைத்த படத்தை அலுவலகங்களில் நம்பமாட்டார்கள்.

அடுத்த வாரம் படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பாட்டி நீண்ட நேரம் பார்த்தார். மூலையில் உள்ள எண் என்னவென்று கேட்டார். சொன்னேன். பிழையான வருடம், மாற்றி வேறு பிரதி எடுத்துத் தருகிறேன் என்றேன்.

“இருக்கட்டும் மிஸ்” என்றார். “அந்த வருசம் அவன் வீட்டுல இருந்தான்.”

மற்றப் பிரதியைப் பேத்திக்குத் தபாலில் அனுப்பினேன். அதிலும் திகதியை மாற்றவில்லை.