தால்சிம் இல்லாத ஆட்டம்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். பதினொரு வயது மருமகன் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தான். திரையில் பெரிய தலையும் குட்டிக் கால்களுமாகச் சிலர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ‘பாக்கெட் ஃபைட்டர்’!

ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1997ல் வெளியிட்ட ஆட்டம் அது. தன்னுடைய ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர்’ நாயகர்களையே பொம்மைகளாகச் சுருக்கி, கேலிச்சித்திரம்போல் ஆக்கியிருந்தது. அடி விழுந்தால் வண்ணக் கற்கள் சிதறும். பொறுக்கிச் சேர்த்தால் வலிமை கூடும். சுன்-லி அடிக்கு ஓர் உடை மாற்றுவாள். குத்து, உதை, சிறப்புத் தாக்குதல் என மூன்றே பொத்தான்கள். கண்டபடி அழுத்தினாலும் ஜெயிக்கலாம். நான் அப்படித்தான் ஜெயித்தேன்.

அது 1998. பஃபலோ ரோடு வீவக வீட்டில் எனக்குப் பத்து வயது, அண்ணனுக்குப் பதினாறு. தீபாவளிக்குக் கிடைத்த காசையெல்லாம் சேர்த்து பிளேஸ்டேஷன் வாங்கியிருந்தான். ஆர்கேடில் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர்’ ஆடினால் அவனை வெல்ல ஆள் கிடையாது. வீட்டில் மட்டும் இந்தச் சின்னப்பிள்ளை ஆட்டம். எனக்காகத்தான் ஆடுகிறான் என்று இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

“அப்பா, இதுல தால்சிம் இல்லையா?” என்றான் மருமகன்.

“இல்ல. அதனாலதான் எனக்குப் பிடிக்கும்.” அண்ணன் சமையலறையில் மீனைக் கழுவிக்கொண்டிருந்தான்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். ஆர்கேடில் அவன் காசு போட்டதுமே பின்னால் நிற்கும் பையன்கள் தால்சிமை எடுக்கச் சொல்வார்களாம். பள்ளியிலும் அதுதான் பெயர். ஒல்லியாக, கறுப்பாக இருப்பான். தாழ்வாரத்தில் அவனைக் கண்டால் கையை நீட்டி நீட்டிக் காட்டுவார்களாம். அப்பாவிடம் சொல்லவில்லை. என்னிடமும்தான்.

1991ல் வந்த ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ல் இந்தியாவுக்கென்று இருந்தவர் தால்சிம் ஒருவர்தான். எலும்பும் தோலுமான உடம்பு, நீளும் கை கால்கள், வாயில் நெருப்பு, கழுத்தில் மண்டை ஓடுகள், பின்னால் வரிசையாக யானைகள். கதைப்படி அவர் நல்லவர். மனைவி, மகன் உண்டு. ஊர் மக்களின் வறுமையைப் போக்கப் பணம் சேர்க்கத்தான் சண்டைக்கே வருகிறார். அந்த மண்டை ஓடுகள் கொள்ளைநோயில் இறந்துபோன ஊர்க் குழந்தைகளுடையவை. ஆனால் ஆர்கேடில் கதையை யார் படித்தார்கள்?

‘பாக்கெட் ஃபைட்டர்’ல் மறைந்திருக்கும் இருவரையும் சேர்த்து மொத்தம் பன்னிரண்டு பேர். சீனாவின் சுன்-லி உண்டு, ரஷ்யாவின் ஸாங்கியெஃப் உண்டு. பூனைப்பெண்கூட உண்டு. நம்மவர் இல்லை. விட்டுவிட்டார்களே என்று எனக்குக் கோபம் வந்திருக்கும். அண்ணனுக்கு அது நிம்மதியாக இருந்திருக்கிறது. எனக்கு அது இன்னும் தொண்டையில் நிற்கிறது.

“எனக்கு தால்சிம் பிடிக்கும்ப்பா. தூரத்துல இருந்தே அடிக்கலாம், மறைஞ்சு பின்னால போய் நிக்கலாம்,” என்றான் மருமகன். ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6’ல் அவன் எடுப்பது தால்சிமைத்தானாம். அண்ணன் சிரித்தான். நானும் சிரித்தேன். காலம் மாறிவிட்டது என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன்.

“கிளாஸ்ல என்னையும் அப்படித்தான் கூப்பிடுவாங்க,” என்றான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “சும்மா ஜோக்தான்.”

குழாய்த் தண்ணீர் நின்றது. அண்ணன் ஈரக் கையோடு வந்து அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

“யார் கூப்பிடுறா?”