புதுத்தோட்டத்தில் ஒரு வாழைப்பழம்

செவ்வாய்க்கிழமைதோறும் குரங்குகளுக்கு வாழைப்பழம் அளிப்பது தில்லியில் பலருக்கும் வழக்கம். அநுமனுக்குச் செய்யும் தொண்டு என்று வடவர் கருதுவர். ஆர்.கே.புரத்தில் குடியிருக்கும் எங்களையும் அவ்வழக்கம் தொற்றிக்கொண்டது. அது எங்களுடனேயே ஆனைமலைக்கும் பயணம் செய்யும் என்று நாங்கள் எண்ணவில்லை.

சென்ற மே மாத விடுமுறையில் கேரளா எக்ஸ்பிரஸில் இரண்டு இரவுகள் கழித்துக் கோவை சேர்ந்தோம். அங்கிருந்து வாடகைக் காரில் பொள்ளாச்சி வழியாக வால்பாறைக்குப் புறப்பட்டோம். ஆழியாற்றுக்கு அப்பால் மலைப்பாதை. கொண்டை ஊசி வளைவுகள் மொத்தம் 40. ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்ட பலகை உண்டு. எங்கள் இல்லத்தரசியார் ஐந்தாம் எண்ணுக்குமேல் கண்ணைத் திறக்க மறுத்துவிட்டார். அதனால், ஒன்பதாம் வளைவில் செங்குத்துப் பாறையில் நின்றுகொண்டு புல் மேய்ந்த மூன்று வரையாடுகளைக் காணும் பேறு அவருக்குக் கிட்டவில்லை. தமிழ்நாட்டின் மாநில விலங்கு இதுவேயாகும்.

வால்பாறை ஏறத்தாழ 3,500 அடி உயரத்தில் உள்ளது. எங்கு நோக்கினும் பசுமை; ஆனால் அது காடன்று, தேயிலை. 19ஆம் நூற்றாண்டின் இறுதி தொட்டு மழைக்காட்டை வெட்டியே இத்தோட்டங்களை அமைத்தனர். வெட்டாமல் விட்ட சிறு துண்டுகளில்தான் பழைய காட்டின் உயிர்கள் ஒண்டியிருக்கின்றன. யானைகளோ ஒரு துண்டிலிருந்து மறு துண்டுக்குத் தேயிலையின் ஊடேதான் நடந்தாக வேண்டும். அவை அருகில் இருப்பதை இரவில் மக்களுக்கு அறிவிக்கச் சிவப்பு விளக்குகளை நட்டிருக்கிறார்கள்.

அத்தகைய துண்டுகளுள் ஒன்று புதுத்தோட்டம். பரப்பு ஏறக்குறைய 92 ஹெக்டேர். காலையில் அங்குப் போய் நின்றபோது, தலைக்கு மேலே நீராவி எஞ்சின் புறப்படுவது போன்ற ஓசை கேட்டது. சாணக்கியபுரி ரயில் காட்சிசாலையில் எஞ்சின்களைப் பார்த்துப் பழகிய மகள், "அப்பா, வண்டி!" என்று கூவினாள். வந்தது இருவாட்சிப் பறவை. அதன் சிறகொலிதான் அது. பெட்டை மரப்பொந்துக்குள் புகுந்து, ஒரு சிறு பிளவை மட்டும் விட்டு வாயிலை அடைத்துக்கொள்ளும். அப்பிளவின் வழியே சேவல் பழங்களை ஊட்டும். அத்திப் பழம் அதற்கு மிகவும் உகந்தது.

சற்று நேரத்தில் சாலையோர மரங்களில் சோலைமந்திகள் தோன்றின. கரிய உடல், முகத்தைச் சுற்றி வெண்பிடரி, சிங்கத்தினுடையது போல் நுனியில் குஞ்சம் கட்டிய வால். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இவை இயற்கையாக வாழ்வதில்லை. 1984இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட அமைதிப் பள்ளத்தாக்கைக் காக்க நடந்த கிளர்ச்சியில், மக்கள் வாயில் பெரிதும் அடிபட்ட பெயர் இந்த மந்தியினுடையதே.

எங்கள் கை தானாகவே பையினுள் சென்றது. ஒரு பழத்தை எறிந்தோம். அது சாலையின் நடுவில் விழுந்தது. குட்டியை வயிற்றில் அணைத்திருந்த ஒரு தாய் மந்தி கிளையிலிருந்து இறங்கி ஓடி வந்தது. அதே கணத்தில் வளைவில் பஸ் ஒன்று திரும்பிற்று. அங்குக் காவல் நின்ற ஓர் ஆள் கைகளை விரித்துக்கொண்டு பஸ்ஸின் எதிரே பாய்ந்தார். பிரேக்கின் கிறீச்சொலி எங்கள் நெஞ்சை அறுத்தது. மந்தி பழத்தோடு மரமேறிவிட்டது.

அவர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. "பழத்தை உள்ளே வைச்சுடுங்க சார். இன்னிக்கு நான் நின்னேன். நாளைக்கும் அது ரோட்டுக்குத்தான் வரும்" என்றார். சாலையைக் கடப்பதற்காக மரத்துக்கு மரம் கட்டியிருக்கும் தொங்குபாலத்தையும் காட்டினார்.

"நாம் கொடுக்காவிட்டால் அவை பட்டினி கிடக்காதா, மாமா?" என்று கேட்டாள் மகள். அவர் மேலே சுட்டினார். உச்சிக்கிளையில் ஒரு கிழட்டு மந்தி, முள் நிறைந்த வெடிப்பலாக் காயை நிதானமாகப் பிளந்துகொண்டிருந்தது.

மீதிப் பழங்கள் பையிலேயே திரும்பி வந்தன. போபாலைத் தாண்டும்போது, கறுத்துப்போயிருந்த கடைசி இரண்டையும் நாங்களே பகிர்ந்து உண்டோம்.