உப்பும் வெயிலும்

‘கருவாடு மீனாகாது’ என்பது பழமொழி. நிகழ்ந்து முடிந்ததை மாற்ற இயலாது என்பதற்கு அதனை எடுத்துக்காட்டுவர். அடுப்பங்கரையில் நின்று பார்த்தால் அதற்கு வேறொரு பொருளும் தோன்றும். மீன் ஓரிரு நாளில் கெட்டுவிடும். கருவாடோ பல மாதங்கள் தாங்கும். மீன் சென்று சேராத ஊர்களுக்கும் கடலின் சுவையைக் கொண்டு சேர்த்தது கருவாடுதான்.

எங்கள் ஊர் சிவகங்கைச் சீமையின் வானம் பார்த்த பூமி. கடலைக் காணாமலேயே முதுமையடைந்தவர்கள் அங்குப் பலர். ஆயினும், பாம்பன், மண்டபம் பக்கம் உலர்த்திய நெத்திலியும் சாளையும் வாளையும் வாரச்சந்தைக்குத் தவறாமல் வந்துவிடும். கிணறு வற்றிக் காய்கறி அருகிப்போகும் கோடையில், உறியில் தொங்கிய கருவாட்டுச் சட்டிதான் அப்பத்தாவுக்குக் கைகொடுத்தது.

அவருடைய தொடுகறிகள் மிக எளியவை. நெத்திலியின் தலையைக் கிள்ளி, குடலை நீக்கி, வெந்நீரில் சற்று ஊறவைப்பார். மணல் போகும்வரை மூன்று நான்கு முறை அலசுவார். நல்லெண்ணெயில் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் வதங்கியபின் நெத்திலியைச் சேர்த்துச் சுருளக் கிளறி இறக்குவார். வாளைக் கருவாடென்றால் மாங்காயோ கத்தரிக்காயோ துணை சேரும். வயலுக்கு விரைந்து செல்லவேண்டிய நாள்களில் அதுவும் இல்லை. ஒரு துண்டைத் தணலில் சுட்டு, சாம்பலைத் தட்டிவிட்டால் பழைய சோற்றுக்கும் கம்மங்கூழுக்கும் அதுவே போதும். சமைக்கப் பழகிய என்னிடம் அவர் விடுத்த எச்சரிக்கை ஒன்றுதான்: “உப்பக் கடக்கரையிலயே போட்டு அனுப்பிட்டாக ஆத்தா! வாயில வச்சுப் பாத்துட்டு, வேணும்னா மட்டும் போடு.”

அந்த உப்பில்தான் கருவாட்டின் நுட்பம் அடங்கியுள்ளது. உப்பு, மீனின் உடலிலுள்ள நீரை வெளியே இழுக்கிறது. வெயிலும் காற்றும் எஞ்சிய ஈரத்தைப் போக்குகின்றன. ஈரம் குறைந்த இடத்தில் உணவைக் கெடுக்கும் நுண்ணுயிர்கள் பெருக இயலாது. பெரிய மீனைக் கீறி உப்பிடவேண்டும். சிறிய நெத்திலியை உப்பின்றியும் உலர்த்தலாம். எந்த மீனுக்கு எவ்வளவு உப்பு, எத்தனை நாள் வெயில் என்பதைக் கடற்கரைப் பெண்கள் கைப்பழக்கத்தால் அறிவார்கள். பரப்புவதும் புரட்டுவதும் மழை வருமுன் வாரிக் குவிப்பதும் பெரும்பாலும் அவர்களே. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. மீன்வரத்துக் குறையும் அக்காலத்தில் முன்னரே உலர்த்தி வைத்த கருவாடு பல வீடுகளுக்கு உணவாகவும் வருவாயாகவும் அமைகிறது.

இத்தனை பயனுடைய உணவுக்கு அதன் மணமே பழியாயிற்று. எங்கள் வகுப்பில் ஒரு தோழி, கருவாட்டுத் தொக்கு கொண்டுவரும் நாளில் தூக்குவாளியின் மூடியைப் பாதி திறந்து, கையால் மறைத்தபடி உண்பாள். கருவாட்டுக் கூடையுடன் பேருந்தில் ஏறும் பெண்ணைக் கண்டு முகம் சுளிப்பவர்களும் உண்டு. ‘நாற்றம்’ என்னும் சொல் பழந்தமிழில் நறுமணத்தையும் குறித்தது. இன்று அச்சொல்லின் பொருள் இழிந்துவிட்டது. அச்சொல்லைச் சுமந்த மனிதர்களையும் இழிவாக எண்ணப் பழகிவிட்டோம்.

இந்த ஏளனத்திற்கான மறுமொழி நற்றிணையிலேயே இருக்கிறது. நெய்தல் திணைப் பாடலொன்றில் செல்வ நகரத்துத் தலைவன், மீனவர் மகளை விரும்பி வருகிறான். தோழி அவனைத் தடுத்து நிறுத்துகிறாள். சுறாவை அறுத்து உலர்த்தி, கவர வரும் பறவைகளை ஓட்டுவது எங்கள் வேலை. எங்கள்மேல் புலால் வீசும். தள்ளி நில்லுங்கள் என்கிறாள். கடல்தரும் விளைவால் வாழும் எங்கள் வாழ்வு சிறியது, ஆயினும் நல்லது. எங்களுள்ளும் சிறந்தவர் உண்டு என்று பெருமிதத்தோடு முடிக்கிறாள். தன்மேல் வீசும் புலாலை அவள் மறைக்கவில்லை. அதற்காக நாணவும் இல்லை.

தூக்குவாளியை மறைத்துக்கொண்ட என் தோழிக்கு அன்று இந்தப் பாடல் தெரியாது. சுற்றி அமர்ந்திருந்த எங்களுக்கும் தெரியாது. உங்களுக்கு இப்போது தெரியும். உங்கள் அருகில் ஒருவர் மூடியைத் திறக்கத் தயங்கினால், அந்தத் தொக்கில் உங்களுக்கும் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.