சிரம்பியடியில் ஒரு பழங்கடன்

கொழும்பிலிருந்து வடக்கே செல்லும் புத்தளம் வீதி, ஈழத்தின் சரித்திரத்தை ஒரு பகற்பொழுதிலே படித்துக் காட்டவல்லது. நீர்கொழும்பில் ஒல்லாந்தர் கோட்டை. சிலாபத்தின் அருகே, போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்டும் மீண்டும் எழுந்த முன்னேசுவரம். அதற்கு வடக்கே, திரௌபதை அம்மனுக்குத் தீமிதிக்கும் உடப்பு. வழிநெடுகத் தென்னஞ்சோலைகளும் மாதா கோயில்களும் மாறிமாறித் தோன்றும். பின்னர்க் காற்றிலே உப்பு மணம் ஏறும். வெண்குவியல்கள் கண்ணைப் பறிக்கும். புத்தளம் வந்துவிட்டது என்று அறியலாம். 1344ஆம் ஆண்டில் இபுன் பதூதா என்னும் அராபிய யாத்திரிகர் வந்திறங்கி, ஆரியச் சக்கரவர்த்தியின் விருந்தினராய்த் தங்கிய கரை இதுவே.

இவ்வூரை அடுத்துச் சிரம்பியடி என்றொரு சிற்றூர் உண்டு. யாத்திரிகர் பெரும்பாலும் அதைக் கவனியாது அனுராதபுரம் நோக்கிச் சென்றுவிடுவர். அங்கே வாழும் சில குடும்பங்களின் முன்னோர் ஆபிரிக்கர். 'காப்பிரி' என்று நம்மவர் அவர்களை அழைத்து வந்தனர். அராபிய மொழியில் இறைமறுப்பாளனைக் குறித்த சொல் அது. தென்னாபிரிக்காவிலே கொடிய வசைச்சொல்லாயிற்று. சிரம்பியடி மக்களோ கத்தோலிக்க பக்தர்கள்! ஆதலின், 'இலங்கை ஆபிரிக்கர்' என்றே இங்கு அவர்களைக் குறிப்போம்.

இவர்களுடைய முன்னோர் தாமாக விரும்பிக் கடல் கடந்தவர் அல்லர். போர்த்துக்கேயர் ஆபிரிக்கரைப் போர்வீரராகவும் ஏவலாளராகவும் கொணர்ந்தனர். ஒல்லாந்தர் கோட்டைப் பணிகளுக்கு அடிமைகளை ஏவினர். இரவில் அவர்களை அடைத்துவைத்த இடமே, இன்று நாம் கொம்பனித்தெரு என்றழைக்கும் பகுதி. ஆங்கிலத்தில் அதற்கு 'அடிமைத்தீவு' என்னும் பெயர் நெடுங்காலம் வழங்கிற்று. பிரித்தானியரோ கோவாவிலும் மொசாம்பிக்கிலும் மனிதரை விலைகொடுத்து வாங்கிப் படையணி அமைத்துக் கண்டிப் போரிலே ஈடுபடுத்தினர். சீருடையும் துப்பாக்கியும் கொடுத்தால் விலைக்கு வாங்கியது இல்லையென்று ஆகிவிடுமா? படை கலைக்கப்பட்டபின் அவ்வீரரிற் சிலர் புத்தளத்தை அண்டிக் குடியமர்ந்தனர். சிங்களவரோடும் தமிழரோடும் மணவுறவு கொண்டனர்.

போர்த்துக்கேயம் கலந்த அவர்களுடைய மொழி வீட்டுப் பேச்சிலே அருகி, இளையோர் சிங்களம் பேசுகின்றனர். எனினும், 'மஞ்சா' என்னும் பாட்டு எஞ்சியிருக்கின்றது. மத்தளமும் ரபானும் முழங்க, சிரட்டையும் கரண்டியும் போத்தலும் தாளம்போட, மெல்லத் தொடங்கிப் படிப்படியாக விரைந்து, ஆட்டமாகவே மாறிவிடும் பாட்டு அது. பேசும் மொழியை இழந்த ஒரு குலம், பாடும் மொழியிலே தன் நினைவைக் காத்துக்கொண்டிருக்கின்றது.

இனி, ஒரு கணக்கைப் பார்ப்போம். 1833ஆம் ஆண்டிலே பிரித்தானியப் பாராளுமன்றம் அடிமைமுறையை ஒழிக்கச் சட்டம் இயற்றிற்று. இலங்கைக்கு அது பொருந்தாதென விலக்கும் அளித்தது. இங்கே அடிமைமுறை முற்றாக ஒழிந்தது 1844இல்தான். அச்சட்டத்தின்கீழ் இரண்டு கோடி பவுண் நட்டஈடு வழங்கப்பட்டது. யாருக்கு? அடிமைகளுக்கன்று, அவர்களுடைய எசமானருக்கு! அதன்பொருட்டு வாங்கிய கடனின் எச்சம் 2015இலேதான் தீர்ந்தது.

அந்த எசமானருள் ஒரு திருச்சபைச் சங்கமும் இருந்தது. சுவிசேஷம் பரப்ப 1701இல் இங்கிலாந்தில் நிறுவப்பெற்ற அச்சங்கத்துக்குப் பார்பேடோஸ் தீவிலே கொட்றிங்டன் என்னும் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. ஆரம்ப காலத்தில் அங்குள்ள அடிமைகளின் மார்பிலே சங்கத்தின் பெயரைச் சூடு வைத்ததும் உண்டு. 2006இல் இங்கிலாந்துத் திருச்சபை மன்னிப்புக் கேட்டது. 2023இல் அச்சங்கத்தின் வழிவந்த அமைப்பு, அத்தோட்டத்து அடிமைகளின் சந்ததியார்க்காக எழுபது இலட்சம் பவுண் ஒதுக்குவதாக அறிவித்தது. அமெரிக்காவின் எவன்ஸ்டன் நகரம், வீட்டுவசதியில் வஞ்சிக்கப்பட்ட கறுப்பின மக்களுக்குத் தலைக்கு 25,000 டொலர் வழங்கும் திட்டத்தை 2021இல் ஏற்றது. அந்நகரத்து வழிபாட்டுச் சபைகள் பலவும் அதற்குத் துணை நின்றன. 'மன்னியும்' என்று ஆண்டவனிடம் மன்றாடுவது எளிது. அயலானிடம் கணக்கை ஒப்புவிப்பதே அரிது.

இவையெல்லாம் வெள்ளையர் விவகாரம், நமக்கென்ன என்று நாம் ஒதுங்கலாமா? 1707இல் ஒல்லாந்தர் எழுதுவித்த தேசவழமைச் சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். அடிமைகளைப் பற்றி அதிலே தனிப்பிரிவே உண்டு. எழுதியவர் ஒல்லாந்தர், 'இதுவே எம் வழக்கம்' என்று ஒப்புக்கொண்டவரோ பன்னிரண்டு தமிழ் முதலியார்கள். 1844இன் சட்டம் விடுவித்தவருள் நம் மொழி பேசியவரும் இருந்தனர். அவர்களை அடிமைகொண்டிருந்தவரும் நம் மொழி பேசியவரே. ஆகவே, கடன்பட்டார் அட்டவணையிலே அந்நியர் பெயர் மட்டும் இல்லை.

பணம் கொடுத்தால் பழி தீருமா என்று கேட்போர் உளர். தீராதுதான். ஆயினும், எசமானரின் 'நட்டத்துக்கு' விலை மதிக்க முடிந்த உலகம், அடிமையின் நட்டத்தைமட்டும் மதிப்பிட இயலாதென்று கைவிரிப்பது நீதியாகாது. சிரம்பியடிக்கு உரியது யாதென்று முடிவு செய்யவேண்டியவர் அம்மக்களே. நாம் செய்யத்தக்கதும் சிறிது உண்டு. 2012ஆம் ஆண்டின் குடிசனமதிப்பு அட்டவணையிலே பறங்கியருக்கும் மலாயருக்கும் பெயர் உண்டு; இவர்களோ 'ஏனையோர்'. எண்ணப்படாத மக்களுக்கு ஈடு எங்ஙனம் செய்வது? அவர்களைப் பெயர்சொல்லி எண்ணவேண்டும். அவர்களுடைய சரித்திரம் நம் பாடப்புத்தகங்களில் இடம்பெறவேண்டும். மஞ்சாவை வேடிக்கையாகப் பாராமல், அவர்களின் முதுசொம்மாக மதித்துக் கேட்கவேண்டும்.

மாணவர்களே, விடுமுறையிலே வில்பத்துக்கோ தலவிலைத் திருவிழாவுக்கோ செல்ல நேர்ந்தால், சிரம்பியடி என்னும் பெயரையும் நினைவிற் கொள்ளுங்கள். அங்கே பார்ப்பதற்குக் கோட்டையும் இல்லை, கோபுரமும் இல்லை. நாம் இன்னும் படித்து முடிக்காத ஒரு பாடம் மட்டும் உண்டு.