பேனா பிடித்த கை கேமரா பிடித்தால்...

கதை எழுதுகிறவனுக்குப் படம் எடுக்கிற ஆசை எதற்கு?

போன மே மாதம் இந்தக் கேள்வியை என்னிடம் மூன்று பேர் கேட்டார்கள். முதலில் அப்பா, அடுத்து அக்கா, கடைசியாகத் தாத்தா. மூன்று பேருக்கும் மூன்று விதமாகச் சமாளித்தேன். உண்மையான பதில் எனக்கே தெரியாது என்பதுதான் நிஜம்!

விஷயம் இதுதான். கடையநல்லூரில் எங்கள் வீட்டு முன்னறையில் தாத்தாவின் குழித்தறி ஒன்று இருந்தது. ஒரு காலத்தில் எங்கள் தெருவில் நடந்தால் இரண்டு பக்கமும் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டே வரும் என்பார்கள். நான் பிறந்தபோதே அது குறைய ஆரம்பித்துவிட்டது. தெருவில் பாதிப் பேர் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். தாத்தாவும் நாலு வருடம் முன்பு நெய்வதை நிறுத்திவிட்டார். கண் தெரியவில்லை, ஊடை நூல் அறுந்தால் கண்டுபிடிக்க முடியவில்லை என்று காரணம் சொன்னார். அதற்குப் பிறகு தறி சும்மா கிடந்தது. அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயம் ஆனதும், அந்த அறையைச் சரி பண்ண வேண்டும், தறியைப் பிரித்துக் குழியை மூடிவிடலாம் என்று அப்பா முடிவு செய்தார்.

எனக்குப் பகீரென்றது. இதைக் கதையாக எழுதலாம் என்று உட்கார்ந்தேன். நாலு பக்கம் எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தால், நெசவாளியின் துயரம் பற்றிப் பத்திரிகையில் வருகிற கட்டுரை மாதிரி இருந்தது. தறிச் சத்தம் அதில் கேட்கவே இல்லை. அப்போதுதான் படம் எடுக்கும் எண்ணம் வந்தது.

எழுத்தாளனாக இருந்துகொண்டு படமும் எடுத்தவர் என்றால் தமிழில் முதலில் நினைவுக்கு வருகிறவர் ஜெயகாந்தன்தானே. கல்லூரி நூலகத்தில் அவருடைய 'ஒரு இலக்கியவாதியின் கலையுலக அனுபவங்கள்' கிடைத்தது. இரண்டே நாளில் படித்து முடித்தேன்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1934-ல் கடலூரில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. சென்னையில் கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகத்தில் வளர்ந்து, அச்சகத்தில் வேலை பார்த்து, 'சரஸ்வதி'யிலும் பிறகு 'ஆனந்த விகட'னிலும் எழுதிப் புகழ் பெற்றார். முப்பது வயதில் அவருக்கு எழுத்தில் என்ன குறை? வாரப் பத்திரிகைகள் அவர் கதைக்காகக் காத்திருந்த காலம் அது. அப்படிப்பட்டவர் ஆசிய ஜோதி பிலிம்ஸ் என்ற பெயரில் தன் கதையான 'உன்னைப்போல் ஒருவ'னைத் தானே இயக்கினார். சேரியில் வாழும் ஒரு பெண், அவள் மகன், அவள் வாழ்க்கையில் வரும் ஒரு ஜோசியக்காரன்... இவ்வளவுதான் கதை. பாட்டு கிடையாது. பெரிய நட்சத்திரம் கிடையாது. பின்னணி இசை வீணை சிட்டிபாபு.

படம் எடுத்த காலத்தை யோசித்துப் பாருங்கள். எம்.ஜி.ஆர்., சிவாஜி படங்கள் திருவிழா மாதிரி ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் பாட்டே இல்லாமல் ஒரு தமிழ்ப்படம்! 1964-ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் இந்தப் படத்துக்கு மூன்றாவது சிறந்த படத்துக்கான சான்றிதழ் கிடைத்தது. அந்த ஆண்டு முதல் இடம் எதற்குத் தெரியுமா? சத்யஜித் ராயின் 'சாருலதா'வுக்கு. ஆனால் 1965-ல் தியேட்டருக்கு வந்தபோது படம் ஓடவில்லை.

வேறு யாராவது என்றால் அதோடு ஓடிப்போயிருப்பார்கள். இவர் மறுபடியும் வந்தார். 1966-ல் 'யாருக்காக அழுதான்'. தமிழ்நாடே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த நாகேஷை, செய்யாத திருட்டுக்குப் பழி சுமக்கும் ஒரு லாட்ஜ் வேலைக்காரனாக நடிக்க வைத்தார். இதுவும் வசூலில் தோற்றது. அதே 1966-ல்தான் விகடனில் அவருடைய 'அக்னிப் பிரவேசம்' வந்து ஊரையே இரண்டாக்கியது. ஒரு பக்கம் படத்தில் தோல்வி, மறுபக்கம் எழுத்தில் புயல்! அந்தச் சிறுகதையின் தொடர்ச்சியாக வளர்ந்த 'சில நேரங்களில் சில மனிதர்கள்' 1972-ல் சாகித்ய அகாதமி பரிசு வாங்கியது. அதையே 1977-ல் பீம்சிங் படமாக எடுத்தபோது திரைக்கதை, வசனத்தோடு பாடல்களையும் ஜெயகாந்தனே எழுதினார். லட்சுமிக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது.

இதையெல்லாம் படித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜெயகாந்தனுக்கே முடிந்தது, நமக்கு முடியாதா என்ற நினைப்புதான்! கையில் செல்போன் இருக்கிறது. பிலிம் வாங்க வேண்டாம், லேபுக்கு ஓட வேண்டாம். நண்பனுடைய போன், வாடகைக்கு ஒரு மைக், இரண்டு விளக்கு, ஒரு ட்ரைபாட். இரண்டு நாள் சாப்பாட்டையும் சேர்த்து 4,350 ரூபாய் ஆனது. செமஸ்டர் பீஸுக்கு அம்மா கொடுத்து வைத்திருந்த பணத்தில் கை வைத்தேன். (இதை அம்மா படிக்க மாட்டாள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.)

முதல் நாள் நன்றாகத்தான் போனது. தாத்தா குழியில் இறங்கி உட்கார்ந்தார். மிதியில் கால் வைத்ததும் முதுகு தானாக நிமிர்ந்தது. மிச்சமிருந்த பழைய பாவில் பத்துப் பதினைந்து நிமிடம் நெய்தும் காட்டினார். நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடியது. ஆச்சி தார் சுற்ற உட்கார்ந்துவிட்டாள். நாங்கள் யாரும் கேட்கவே இல்லை!

இரண்டாம் நாள் க்ளைமாக்ஸ். அதை நான் முதலிலேயே எழுதி வைத்திருந்தேன். தாத்தா நாடாவைக் கையில் எடுத்துத் தடவிப் பார்க்க வேண்டும். மெதுவாகக் கேமராவைப் பார்க்க வேண்டும். கண்ணில் நீர் வர வேண்டும். அதோடு படம் முடிகிறது.

தாத்தாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏல, நான் எதுக்கு அழணும்?" என்றார்.

"தறி போகுதுல்லா தாத்தா..."

"போட்டுமே. அம்பது வருசம் இதுல உக்காந்து உங்கப்பனப் படிக்க வச்சேன், உங்க அத்தைய கெட்டிக் குடுத்தேன். இப்பம் பேத்தி கல்யாணத்துக்கு இடம் விடுது. இதுல அழுகதுக்கு என்ன இருக்கு? ஒனக்கு அழுக வந்தா நீ அழு. எம் மூஞ்சியில ஏன் அழுக?"

நண்பர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்கு முகம் சுருங்கிப்போனது. கோபமும் வந்தது. இவருக்கு என்ன தெரியும் சினிமாவைப் பற்றி என்றுகூட நினைத்தேன். அன்று படப்பிடிப்பு அதோடு நின்றது.

ராத்திரி படுத்துக்கொண்டே யோசித்தபோதுதான் உறைத்தது. ஜெயகாந்தன் பாட்டு வேண்டாம் என்று நின்றதும், நாகேஷைச் சிரிக்க வைக்காமல் விட்டதும் பெரிய துணிச்சல் என்று நண்பர்களிடம் அளந்துகொண்டிருந்தேனே, நான் செய்தது என்ன? யாரும் என்னிடம் பாட்டு கேட்கவில்லை, சண்டை கேட்கவில்லை. கேட்பதற்குத் தயாரிப்பாளரே இல்லை. ஆனாலும் பார்க்கிறவன் 'உச்' கொட்ட வேண்டும் என்று நானாகவே ஒரு அழுகையைத் தயார் பண்ணி, அதைத் தாத்தா தலையில் கட்டப் பார்த்தேன். சொந்தக் காசில் எடுத்துவிட்டால் மட்டும் ஒருவன் சுதந்திரமான கலைஞன் ஆகிவிட மாட்டான் போலிருக்கிறது. அதுவும் என்னுடையது சொந்தக் காசுகூட இல்லை, அம்மா காசு!

எங்கள் பக்கத்து ஆளான புதுமைப்பித்தனும் ஞாபகத்துக்கு வந்தார். அவரும் சினிமாவுக்குப் போனார். 'பர்வதகுமாரி புரொடக்‌ஷன்ஸ்' என்று கம்பெனி தொடங்கி 'வசந்தவல்லி' எடுக்கப் பார்த்தார். வசந்தவல்லி என்றதும் தென்காசிப் பக்கத்துக்காரர்களுக்குக் குற்றாலக் குறவஞ்சிதான் மனதில் வரும். அந்தப் படம் வரவே இல்லை. பாகவதரின் 'ராஜமுக்தி'க்கு வசனம் எழுதப் புனா போனவர் காசநோயோடு திரும்பி, 1948-ல் திருவனந்தபுரத்தில் இறந்துபோனார். வயது 42. ஒருவருக்கு சினிமா நஷ்டத்தோடு விட்டது, இன்னொருவருக்கு உயிரே போனது. அந்த விலையெல்லாம் தெரியாமல் 4,350 ரூபாயை வைத்துக்கொண்டு நான் கலைஞன் வேஷம் போட்டிருக்கிறேன்.

மறுநாள் கொத்தனார் வந்துவிட்டார். க்ளைமாக்ஸ் இல்லாமலே தறியைப் பிரிக்க ஆரம்பித்தார்கள். நண்பன் போனை ட்ரைபாடில் வைத்து ஓடவிட்டிருந்தான், யாரும் அதைக் கவனிக்கவில்லை. தாத்தா பக்கத்தில் நின்று, "அந்த அச்ச மெள்ள எடுய்யா, பல்லு ஒடிஞ்சிரும்" என்று கொத்தனாரை விரட்டிக்கொண்டே இருந்தார். வேறொரு வீட்டில் இன்னும் நெய்கிறார்களாம், அவர்களுக்கு ஆகுமாம். அச்சைத் துணியில் சுற்றித் தானே தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. குழியில் மண் விழுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

அதுதான் இப்போது படத்தின் கடைசிக் காட்சி. நான் எழுதாத காட்சி.

மொத்தம் 7 நிமிடம். ஒரு கல்லூரிப் போட்டிக்கு அனுப்பினேன், பரிசு கிடைக்கவில்லை. அக்கா கல்யாணம் முடிந்த அடுத்த வாரம் தாத்தாவுக்குப் போட்டுக் காட்டினேன். கண் சரியாகத் தெரியாததால் போனைக் காதுப் பக்கம் வைத்துக்கொண்டார். தறி ஓடும் இடம் வந்ததும், "சத்தம் சரியா வந்திருக்குல. மூணாவது அடிதான் கொஞ்சம் லேசா விழுந்திருக்கு" என்றார்.

அந்த நாலு பக்கக் கதையைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுத உட்கார்ந்திருக்கிறேன். இந்தத் தடவை அதில் யாரும் அழவில்லை.

அம்மா பணத்தில் 2,000 திருப்பி வைத்துவிட்டேன். இன்னும் 2,350 பாக்கி.